அம்மா தலையாட்டினால் போதுமா?

மறதி நோய் உள்ளவர்களை வைத்து நடக்கும் ஆய்வுகள் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வருகின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில், வெளி உறுப்பினராக இருக்கிறேன்.

*அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். செக்கப்புக்குப் போகும் மருத்துவமனையில் ஏதோ புது மருந்துக்குச் சோதனை நடக்கிறதாம். ஓ.பி.யில் காத்திருந்தபோது ஒரு பெண் வந்து கத்தையாகப் படிவம் நீட்டி, "அம்மாவுக்குப் புரியாது, நீங்க சைன் போட்டா போதும்" என்றார். அம்மாவைக் கேட்டால் "சரி" என்கிறார். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்கிறார். போடலாமா?*
- வாசகி, தென்காசி

இப்போதே போட வேண்டாம். "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லிப் படிவத்தைக் கையோடு வாங்கி வாருங்கள். மறுத்துப் பேசினால் தயங்காதீர்கள், அவசரப்படுத்துவதே தப்பு. நீங்கள் முடியாது என்று சொன்னாலும் அம்மாவின் வழக்கமான வைத்தியத்தில் எந்தக் குறையும் வரக் கூடாது. இந்த உறுதி படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து, அந்த "அம்மாவுக்குப் புரியாது" என்ற பேச்சு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சீட்டில் அல்சைமர் என்று எழுதிவிட்டதாலேயே ஒருவருக்கு எதுவும் விளங்காது என்று ஆகிவிடாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவைக் கடுமையாகப் பாதிக்கும் நோய்களையும் சேர்த்தே பேசுகிறது. முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதற்கு அது பார்க்கச் சொல்வது இவைதான்: எடுத்துச் சொன்னால் விளங்குகிறதா, இப்படிச் செய்தால் இன்னது நடக்கும் என்று உணர முடிகிறதா, தன் முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. வாயால்தான் தெரிவிக்க வேண்டும் என்றும் இல்லை, முகக்குறியோ சைகையோ போதும். எளிமையான பேச்சில், வேண்டுமானால் படம் காட்டி, விளங்கவைப்பது சொல்பவரின் வேலை. நினைவுப் பரிசோதனையில் 30-க்கு எவ்வளவு மார்க் வாங்கினார் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாதவருக்குக்கூட ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்திருக்கலாம்.

எங்கள் குழு அனுமதித்த ஓர் ஆய்வில், ஒப்புதல் வாங்கும்போது கூட இருந்து பார்த்தேன். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். என்ன வருடம் என்று கேட்டால் மகன் முகத்தைப் பார்ப்பார். நர்ஸ், ரத்தம் எடுக்கும் சின்னக் குழாயை அவர் கையிலேயே கொடுத்து, "இவ்வளவுதாம்மா எடுப்போம்" என்று காட்டினார். டீச்சர் அதை உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பதைப் பற்றிச் சொன்னார்கள். டீச்சர் நிமிர்ந்து, முதுகை நாற்காலியோடு ஒட்டவைத்துக்கொண்டார். "கையில குத்திக்கோம்மா. முதுகு வேண்டாம்." கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு வேறு விதமாகக் கேட்டார்கள். அதே பதில். மகன் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் ரத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த நர்ஸை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இப்போது உங்கள் அம்மாவின் "சரி"க்கு வருவோம். எல்லாவற்றுக்கும் சரி சொல்பவரிடம் அந்த ஒரு பதிலை வைத்து எதுவும் செய்யக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, "வேண்டாம்னு சொல்லிடலாமாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் சரி என்றால், அவர் உங்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். காலையில், குளித்துச் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். சாயங்காலம் பேசாதீர்கள், பலருக்கு அந்த நேரத்தில்தான் குழப்பம் கூடும். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காது மெஷின் இருந்தால் அதையும். டி.வி.யை அணையுங்கள். ஒரு சமயத்தில் ஒரு விஷயம். "டாக்டர் புது மருந்து ஒண்ணு பார்க்கிறாராம். அது கேட்குமான்னு அவருக்கே இன்னும் தெரியாது. மாசம் ஒரு தடவை ஊசி. உனக்கு எப்படி இருக்கு?" என்கிற மாதிரி. அப்புறம், அவர் வாயாலேயே என்ன விளங்கியது என்று சொல்லச் சொல்லுங்கள். நாலு வார்த்தை வந்தாலும் அது அவருடைய வார்த்தை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ இன்னொரு முறை. பேசியதையே மறந்திருப்பார், பரவாயில்லை. இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்கிறாரா என்று கவனியுங்கள்.

படிவத்தைப் படிக்கும்போது பேனாவோடு உட்காருங்கள். எங்கள் குழுவுக்கு வந்த ஒரு படிவத்தில் முதுகுத் தண்டு ஊசி 11-ம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கம் முழுக்க ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் சேவைப் பெருமை. இரண்டையும் இடம் மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். ஆகவே நீங்கள் பின்பக்கங்களிலிருந்து தொடங்கினாலும் நல்லதுதான். அம்மாவுக்கு மருந்துதான் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. பெரும்பாலான சோதனைகளில் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல ஆட்களைப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்கு மருந்து, இன்னொரு பாதிக்கு மருந்தே இல்லாத போலி ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. இப்போது மறதிக்குச் சாப்பிடும் டோனெபெசில் மாதிரியான மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். எத்தனை ஸ்கேன், ஊர் விட்டு ஊர் எத்தனை தடவை வர வேண்டும், வண்டிச் செலவு யார் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். செலவைத் திருப்பித் தரலாம். ஆனால் இன்னொருவருக்காக ஒப்புதல் தருகிறவரைப் பணம் காட்டி இழுக்கும்படி அந்தத் தொகை இருக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் எச்சரிக்கின்றன.

ஆபத்து எப்படிப்பட்டது என்று நேராகக் கேளுங்கள். 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப் என்ற அல்சைமர் மருந்தை எடுத்துக்கொள்வோம். 1,795 பேரை வைத்து 18 மாதம் சோதித்தார்கள். நோய் முற்றும் வேகம் ஓரளவு குறைந்தது. கூடவே, மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 1.7 சதவீதம்தான். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் சரியாகிவிட்டது, சிலருக்கு அப்படி இல்லை. இப்படி நன்மையையும் தீமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லத் தயாராக இருக்கும் டாக்டரிடம் நம்பிப் பேசலாம்.

இன்னும் சில விஷயங்கள். புது மருந்துகள், மருந்து சோதனைகள் பற்றிய 2019-ம் ஆண்டு விதிகளின்படி, சோதனையால் அம்மாவுக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. கையெழுத்தான படிவத்தின் நகல் உங்களுக்குத் தர வேண்டும். மருந்து முற்றிலும் புது மூலக்கூறாக இருந்து, அம்மா மாதிரி எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சேர்த்தால், ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும், அவருக்கு எவ்வளவு விளங்கியது என்பது உட்பட. ஓ.பி. வராந்தாவில் கத்தையை நீட்டி முடிக்கிற காரியம் இல்லை இது. படிவத்தில் எத்திக்ஸ் கமிட்டியின் உறுப்பினர் செயலாளர் பெயரும் போன் நம்பரும் இருக்கும். அந்தப் பெண் உங்களிடம் சொன்ன வாக்கியத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அந்த நம்பர் அதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது.

இத்தனையும் பார்த்த பிறகு அம்மாவுக்கும் இஷ்டம், உங்களுக்கும் சம்மதம் என்றால் சேர்த்துவிடுங்கள். எனக்கு ஆட்சேபணையே இல்லை.

*என் வீட்டுக்காரர் ஒரு மறதி ஆய்வில் இருக்கிறார். அவருக்கு முடிவெடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னதால் நான்தான் கையெழுத்துப் போட்டேன். முதலில் நன்றாகத்தான் வந்தார். இப்போது ஸ்கேன் அறை வாசலில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறார். "நீங்கதான் சைன் பண்ணிட்டீங்களே, தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கலாம்" என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.*
- வாசகி, கும்பகோணம்

உங்கள் மனசு சொல்வதைத்தான் சட்டமும் சொல்கிறது. ஒப்புதல் தர இயலாதவரை ஆய்வில் சேர்ப்பது பற்றி மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-ம் பிரிவு பேசுகிறது. ஒப்புதல் தர முடியாவிட்டாலும், "எதிர்ப்புக் காட்டாதவர்" என்றால்தான் சேர்க்கலாம். அதற்கும் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். நீங்கள் போட்ட கையெழுத்து அதற்கும் பிறகு வருவது. அந்தக் கையெழுத்தையும் எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். மருத்துவ ஆய்வு நெறிகள் பற்றி உலக மருத்துவச் சங்கம் 1964-ல் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தின் பிற்காலத் திருத்தங்களில், இப்படிப்பட்டவர் மறுப்பைக் காட்டினால் அதை மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முடிவெடுக்கும் திறன் பற்றிய இங்கிலாந்தின் 2005-ம் ஆண்டுச் சட்டத்திலும் இதே நிலைதான்.

தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது மறுப்புதான். கையை இழுத்துக்கொள்வது, வாயை இறுக மூடிக்கொள்வது, வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் காரிலிருந்து இறங்க மறுப்பது எல்லாமே மறுப்புதான். தூக்க மருந்து கொடுத்தால் அவருடைய மறுப்பை வாயடைப்பதாக ஆகும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது, அவசரமாக ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றால் அது சிகிச்சை, அங்கே கணக்கு வேறு. இது ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேன், எடுக்காவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

காரணத்தைத் தேடிப் பார்ப்பதில் தப்பில்லை. எம்.ஆர்.ஐ. மெஷினின் சத்தம் பயங்கரமாக இருக்கும், அறை குளிரும், பல பெரியவர்களுக்குச் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க முடியாது. வேறொரு நாள், பாத்ரூம் போய்விட்டு, போர்வையோடு, நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு தடவை முயலலாம். அப்போதும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். கெஞ்சிக் கூத்தாடி, மிட்டாய் கொடுத்து, பேரன் பெயரைச் சொல்லி அழைத்துப் போகாதீர்கள்.

விலகும்போது ஒரு எச்சரிக்கை. ஆய்வில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது, கடைசியாக ஏதாவது பரிசோதனை அவர் பாதுகாப்புக்குத் தேவையா என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இதுவரை எடுத்த ரத்தமும் தகவலும் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள்.

*எல்லாவற்றுக்கும் சட்டம், கமிட்டி, வீடியோ என்று கெடுபிடி செய்தால் யார்தான் ஆராய்ச்சி செய்வார்கள்? என் மனைவி இந்த நோயில்தான் போனாள். மருந்து கண்டுபிடிக்கத் தடையாக இருப்பது உங்களைப் போன்றவர்கள்தானோ என்று தோன்றுகிறது.*
- வாசகர், சென்னை

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. வீட்டுக்கு வீடு போய்ப் பெரியவர்களும் குடும்பத்தாரும் உட்கார்ந்து பதில் சொன்னதால்தான் அந்த எண்ணே நமக்குத் தெரியும். நோய் முற்றியவர்களை ஆய்வே வேண்டாம் என்று ஒதுக்கிவைத்தால், முற்றிய நோய்க்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதுவும் அநியாயம்தான். எங்கள் குழுவில் நான் பல தடவை சண்டை போட்டது, ஆய்வுகளை நிறுத்தச் சொல்லி அல்ல. "கஷ்டமானவர்களை விட்டுவிடுவோம்" என்று வரும் திட்டங்களைத் திருத்தச் சொல்லித்தான்.

ஆனால் கெடுபிடி ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். 1963-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், நாள்பட்ட நோயாளிகளுக்கான யூத மருத்துவமனையில், 22 முதியவர்களின் உடம்பில் உயிருள்ள புற்றுநோய்ச் செல்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். செஸ்டர் சௌதம் என்ற பெயர் பெற்ற ஆராய்ச்சியாளரின் ஆய்வு அது. புற்றுநோய் இல்லாத நோயாளிகளின் உடம்பு அந்தச் செல்களை எவ்வளவு வேகமாக ஒழிக்கிறது என்று பார்ப்பது நோக்கம். அது புற்றுநோய்ச் செல் என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பது காரணம். வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம் என்றார்கள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரிந்துகொள்ளும் நிலையிலேயே சிலர் இல்லை. அங்கே வேலை பார்த்த மூன்று இளம் டாக்டர்கள் அந்த ஊசியைப் போட மாட்டோம் என்று மறுத்து, பிறகு வேலையையும் விட்டார்கள். அந்த மூவரால்தான் விஷயம் வெளியே வந்தது. சௌதமுக்குத் தண்டனை என்று வந்தது, நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டு உரிமத் தடை. சில வருடத்தில் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். கெட்டவர் ஒருவர் செய்த காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நல்ல நோக்கம், பெரிய பெயர், பேச முடியாத நோயாளி, இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கேயும் நடக்கும்.

இன்னொரு கதையும் சொல்கிறேன், அது உங்கள் பக்கம் பேசும். அல்சைமருக்கு ஏ.என்.1792 என்ற தடுப்பூசியை முயன்றார்கள். சுமார் 300 பேருக்குப் போட்டதில் 18 பேருக்கு மூளையழற்சி வந்தது. 2002 ஜனவரியில் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய சோதனையில் அதே தடுப்பூசியைப் பெற்ற பிரிட்டன் நோயாளிகள் சிலர், அல்லது அவர்களைக் கவனித்துக்கொண்ட குடும்பத்தார், தொடர்ந்து கவனிக்கவும் இறந்த பிறகு மூளையைப் பரிசோதிக்கவும் சம்மதம் கொடுத்திருந்தார்கள். அதன் முடிவு 2008-ல் வந்தது. மூளையில் படிந்திருந்த அமிலாய்டு என்ற புரதம் வெகுவாகக் கரைந்திருந்தவர்களுக்கும் மறதி முற்றிக்கொண்டேதான் போயிருக்கிறது. படிவைக் கரைத்தால் நோய் போய்விடும் என்ற கணக்கு அவ்வளவு சுலபமில்லை என்று உலகத்துக்கே காட்டியது அந்தக் குடும்பங்களின் சம்மதம். ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்திருந்தால், ஊசியில் இவ்வளவு நடந்த பிறகு யாராவது மூளையைக் கொடுத்திருப்பார்களா? ஒழுங்காகக் கேட்டு வாங்கியதால்தான் இறப்புக்குப் பிறகும் அந்த வாக்கு நின்றது.

*பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். எனக்கு ஆரம்ப நிலை அல்சைமர் என்று போன மாதம் சொன்னார்கள். இன்னும் கணக்கெல்லாம் நானே பார்க்கிறேன். என்னால் யாருக்காவது உபயோகம் இருக்கட்டும் என்று ஆய்வுகளில் சேர ஆசை. பிற்பாடு எனக்கு நினைவு போன பிறகு என் சார்பில் யார் முடிவெடுப்பார்கள்? என் மகள் பயந்து எல்லாவற்றையும் மறுத்துவிடுவாளோ என்று இருக்கிறது.*
- வாசகர், கோவை

சார், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு கடிதம் எடுக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. இந்த நிலையில் உங்களுக்கு முதலில் தோன்றியது மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்பது.

இப்போது உங்கள் ஒப்புதலை நீங்களேதான் தர வேண்டும். மகள் துணைக்கு வரலாம். ஆரம்ப நிலை ஆய்வுகள் பலவற்றில் கூட ஒருவர் வந்து நோயாளியின் நிலை பற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் உங்களுக்குப் பதில் அவர் முடிவெடுக்க முடியாது.

பிற்பாட்டுக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ம் பிரிவின்படி உங்கள் பிரதிநிதியை நீங்களே நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வேண்டுமென்றால் பின்னால் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். பின்னாளில் ஆய்வுக்கு ஒப்புதல் தர வேண்டிய நிலை வந்தால் அந்தப் பிரதிநிதியைத்தான் கேட்பார்கள். மகள்தான் என்று இருக்க வேண்டியதில்லை. பேங்கில் கூட வேலை பார்த்த நண்பர்கூட இருக்கலாம், அவர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது, கூடவே ஒரு கடிதம் எழுதிவையுங்கள். "ஆய்வில் சேர விருப்பம்" என்று ஒற்றை வரியில் எழுதினால் மகளுக்கு உதவாது. ரத்தம், சரி. ஸ்கேன், சரி. முதுகுத் தண்டு ஊசி? ஆஸ்பத்திரியில் தங்குவது? மூளையில் ரத்தக்கசிவு வர வாய்ப்புள்ள மருந்து? வீட்டில் வந்து பேட்டி எடுப்பது, வீடியோ எடுப்பது? ஒவ்வொன்றுக்கும் உங்கள் கருத்தையும், ஏன் அப்படி என்பதையும் எழுதுங்கள். தேதி போடுங்கள். "அப்போது நான் முகம் சுளித்தால் நிறுத்திவிடு" என்பதையும் நான் எழுதச் சொல்வேன். இன்றைய நீங்கள் கொடுத்த வாக்கு, அன்றைக்குப் பயந்து நிற்கும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதில் வேறு மாதிரி நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தெளிவாக இருந்தபோது சொன்னதுதான் உண்மையான விருப்பம் என்பது அவர்கள் வாதம். வாசல்களில் நின்று மிரண்டு போன முகங்களைப் பார்த்த எனக்கு அதை ஏற்க முடியவில்லை.

மூளை தானம் பற்றியும் யோசிக்கலாம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் மனித மூளை வங்கி இருக்கிறது. நீங்கள் இப்போதே விருப்பம் தெரிவித்தாலும், இறப்புக்குப் பிறகு குடும்பத்தார் சம்மதித்து, சில மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால்தான் அது நடக்கும். ஆகவே மகளோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். அவர் பயப்படுவது உங்களுக்கு வலிக்கும் என்றுதான் இருக்கும். முதுகுத் தண்டு ஊசி பற்றி டாக்டரிடம் கேள்வி கேட்க அவரையும் ஒரு தடவை உங்களோடு வரச்சொல்லுங்கள்.

*முதியோர் இல்லத்தில் மறதி நோய் உள்ளவர்களைப் பேட்டி எடுத்து ஆய்வு செய்கிறேன். இல்ல நிர்வாகி கையெழுத்துப் போட்டுவிட்டார். இது போதும்தானே?*
- ஆய்வு மாணவர், மதுரை

போதாது தம்பி. நிர்வாகி கொடுத்தது கேட்டுக்குள் வருவதற்கான அனுமதி. ஊசி மருந்து எதுவும் இல்லாமல் வெறும் பேட்டி என்றாலும் அவரவர் ஒப்புதல் வேண்டும் என்று அந்த 99-ம் பிரிவே சொல்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. முதலில் அதை முடியுங்கள்.

இல்லத்தில் இருப்பவர்கள் சோறு போடுகிறவர்கள் முன்னால் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே ஊழியர் காதில் விழாத இடத்தில் கேளுங்கள், வேப்பமரத்தடியோ மாடிப்படியோ. ஒரு தடவை சரி என்றவரிடம் அடுத்த நாளும் கேளுங்கள். "நான் இன்னார், இதற்காக வந்திருக்கிறேன், பேசலாமா?" ஒவ்வொரு நாளும் இதைச் சொல்ல அலுத்துக்கொண்டால் இந்த ஆய்வு உங்களுக்குச் சரிப்படாது. ஒரு பாட்டி உங்களைத் தன் மகன் என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொண்டே பேசலாம். அந்தப் பேச்சை மகனாக நடித்து வாங்காதீர்கள். "நான் உங்க பையன் இல்ல பாட்டி, காலேஜ்லேர்ந்து வர்றேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பேசினால் எழுதிக்கொள்ளலாம். மகன் என்று நம்பிக்கொண்டு வீட்டுச் சண்டை, சொத்து விவகாரம் எல்லாம் கொட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை ஆய்வில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். அவர் வாசலையே பார்க்க ஆரம்பித்தாலோ, கண் கலங்கினாலோ நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

*அப்பாவை ஒரு ஆய்வில் சேர்க்க அண்ணனுக்கு விருப்பம், எனக்கு இல்லை. அப்பா என் வீட்டில்தான் இருக்கிறார். யார் சொல்வது செல்லும்?*
- வாசகர், சேலம்

அப்பா யாரையாவது பிரதிநிதியாக எழுதிக்கொடுத்திருந்தால் அவர். இல்லையென்றால் உறவினர், அதற்கப்புறம் கவனித்துக்கொள்பவர் என்று சட்டத்தில் வரிசை உண்டு. அண்ணன் தம்பிக்குள் யார் மேலே என்று அதில் இல்லை. நீங்கள் இருவரும் ஒத்துப்போகாதவரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. பேசும்போது "உனக்கு வேணுமா, எனக்கு வேணுமா" என்று பேசாதீர்கள். அப்பா நன்றாக இருந்த காலத்தில் ஆஸ்பத்திரி, ரத்ததானம், புது வைத்தியம் பற்றியெல்லாம் எப்படிப் பேசுவார் என்று இருவரும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அண்ணன் வெளியூரில் இருந்தால், மாதம் ஒரு தடவை ஆய்வுக்குக் கூட்டிப்போகும் வேலை யார் தலையில் விழும் என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

*அம்மா ஒரு ஆய்வில் இரண்டு வருடம் இருந்தார். காலமாகிவிட்டார். என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்கலாமா?*
- வாசகி, நாகர்கோவில்

தாராளமாகக் கேட்கலாம். அவர்களே சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் உள்ள நகலில் ஆய்வின் பெயரும், மருந்து சோதனையாக இருந்தால் "சி.டி.ஆர்.ஐ." (மருந்து சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 2009 ஜூன் முதல் நம் நாட்டில் மருந்து சோதனைகளை அந்தப் பதிவேட்டில் கட்டாயம் பதிய வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம்; ஆய்வு நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்பது தெரியும். ஆய்வை நடத்திய டாக்டருக்கு ஒரு கடிதம் போடுங்கள், நகல் எத்திக்ஸ் கமிட்டிக்கு. முடிவு என்ன, அம்மாவுக்குக் கொடுத்தது மருந்தா போலி மருந்தா, அவருடைய ரத்த மாதிரி இன்னும் இருக்கிறதா, இருந்தால் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். கமிட்டியில் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று நான் எழுதித் தருகிறேன்.